ரப்பர் பாலும் என் வேட்டியும்

அன்புள்ள சேவியர்,

உன் கடிதம் வந்து பத்து நாளாச்சு. பதில் தள்ளிப்போனதுக்கு என் சைக்கிள்தான் காரணம்.

குளத்துக் கரை வழியா ஓட்டுறேன்ல, சீமைக் கருவேல முள்ளு மாசம் ரெண்டு பஞ்சராவது வச்சுடுது. சரி, ட்யூபைத் தூக்கிட்டு ட்யூப்லெஸ் ஆக்கிடுவோம்னு வீட்டுலயே இறங்கினேன். ரிம், டயர் ரெண்டும் அதுக்கானதுதான். ரிம்முக்குள்ள ஸ்போக் ஓட்டையெல்லாம் மூடுற மாதிரி டேப் ஒட்டி, வால்வு மாட்டி, டயரை ஏத்தி கைப்பம்புல அடிச்சா, அடிக்க அடிக்கப் போகுது காத்து. சக்கரத்தைத் தோள்ல போட்டுக்கிட்டு பஞ்சர் கடைக்குப் போனேன். அங்க கம்ப்ரசர் வச்சதும் டப், டப்னு டயரோட விளிம்பு ரிம்முல போய் உக்காந்துச்சு. காலைல பாத்தா தோசை மாதிரி கிடக்கு.

சோப்புத் தண்ணி ஊத்திப் பாத்தேன். ஸ்போக் ஓரத்துல எல்லாம் நுரை. ரிம்தான் போச்சுன்னு நெனச்சேன். இல்ல மாப்ள, ரிம் உள்ளே கூடு. டேப்புல எங்க கசிஞ்சாலும் காத்து அந்தக் கூட்டுக்குள்ள போய், கிடைச்ச ஓட்டை வழியா வெளிய வரும். ரிம்மோட உள் அகலம் 25 மில்லிமீட்டர், நான் ஒட்டினதும் 25 டேப். இழுத்து ஒட்டினா அது இன்னும் ஒடுங்குமில்ல, ஓரத்துல கோடு மாதிரி இடைவெளி. வால்வு ஓட்டையை வேற கத்தியால கிழிச்சு வச்சிருந்தேன். அது நீளமா விரிஞ்சிருந்துச்சு.

மறுபடி 30 டேப் வாங்கினேன். பழைய பிசினை ஸ்பிரிட் போட்டுத் துடைச்சு, விறைப்பா இழுத்து ஒட்டி, வால்வு கிட்ட அரைச் சாண் மேல ஏத்தி முடிச்சேன். ஓட்டைக்கு ஊசியைக் காய்ச்சிக் குத்தினேன். டயர் விளிம்புல சோப்புத் தண்ணி தடவி, காத்து வேகமாப் போக வால்வு உள்ள இருக்கிற சின்னக் குச்சியை (கோர்) கழட்டிட்டு அடிச்சதுல கைப்பம்புக்கே உக்காந்துடுச்சு.

அப்புறம் டயருக்குள்ள சீலண்ட், அதான் ஓட்டையைத் தானா அடைக்கிற ரப்பர் பால், 100 மில்லி. மூடியைத் திறந்ததும் உங்க குலசேகரம் வீட்டுப் பின்கட்டு ஞாபகம் வந்துடுச்சு. அதே அமோனியா நெடி! கேன்ல அனுப்புற ரப்பர் பால் உறையக் கூடாதுன்னு உங்க அப்பா அமோனியா ஊத்துவாரே, அதே பால்தான், அதே காரணம்தான். ரப்பர் ஷீட் அடிக்க அவர் ஆசிட் ஊத்தி உறைய வைப்பார். இங்க அந்த வேலையை முள்ளுக் குத்தின ஓட்டை பாத்துக்குது. காத்து வெளிய தள்ளும்போது பால் அதுலயே போய் உறைஞ்சு அடைச்சுக்கும். டயரோட பக்கச் சுவர்ல வெள்ளையா வேர்த்துச்சு. பக்கெட் மேல படுக்க வச்சுத் திருப்பித் திருப்பிப் போட்டேன், ராத்திரிக்குள்ள நின்னுடுச்சு. இந்த வெயிலுக்கு ரெண்டு மூணு மாசத்துல உள்ள காஞ்சு ஒட்டுபால் மாதிரி கட்டியாயிடும், அப்ப மறுபடி ஊத்தணும். ட்யூப் ஒண்ணு பையில இருக்கத்தான் இருக்கு.

ஒரே ஒரு சேதாரம். சிரிஞ்ச் குழாய் நழுவி கால் பங்கு என் வேட்டியில. தங்கச்சி கல்யாணத்துக்கு நீ எடுத்துக் கொடுத்த பட்டுக்கரை. ரெண்டு தடவை துவைச்சாச்சு, அசையல. வீட்டுல இன்னும் தெரியாது. பால் கறை போக உங்க அப்பா ஏதாவது போடுவாரா? கேட்டு உடனே எழுது.

அன்புடன்,
முருகேசன்
கோயம்புத்தூர்