வீட்டு மீட்டரைப் பார்த்தபின் சொல்கிறேன்

ஆசிரியருக்கு வணக்கம்.

2023-இல் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, நேரவாரிக் கட்டணம், அதாவது நாளின் வேளைக்கு ஏற்ப மாறும் மின் கட்டணம் வந்தால் வெயில் உள்ள 8 மணி நேரத்துக்குக் குறைந்தது 20 சதவீதம் குறையும். மாலை போல எல்லோரும் மின்சாரத்தை அதிகம் பயன்படுத்தும் உச்ச நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10 சதவீதம் கூடும். நமக்குக் கட்டுப்படியாகுமா? ஒரு வாரம் மாலை 6 மணிக்கும் இரவு 10 மணிக்கும் மீட்டரைக் குறித்து வைத்தேன். நாளில் ஓடுகிற யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு அந்த நான்கு மணி நேரத்தில்தான். அம்மா வீட்டில் இருப்பதால் மாவு அரைப்பது, துணி துவைப்பது, மோட்டார் போடுவது எல்லாம் மதியத்துக்கு மாறிவிடும். சரி, காலையில் பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறவர்கள்? பிள்ளைகள் படிக்கும் நேரத்தைத் தள்ளிப்போட முடியாதே. வீடுகளுக்கு இதை விருப்பத் தேர்வாக மட்டுமே வையுங்கள்.

ஒரு வாசகி, திருச்சி