‘துல்லியம் 95%’ என்ற அட்டைக்கு மதிப்பெண் போடாதீர்கள்: பள்ளி அறிவியல் கண்காட்சி நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் பள்ளி அறிவியல் கண்காட்சிகளுக்கு நடுவர்களாக வரும் பெரியோர்களுக்கும், வழிகாட்டி ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

மாவட்டம் 2019இல் மூன்றாகப் பிரிந்தாலும் கண்காட்சி மேசைகள் மூன்றிலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. ஒரு மேசையில் ரோபோ, அடுத்ததில் தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயைக் கண்டுபிடிக்கும் கருவி, அதற்கடுத்து தோல் புற்றுநோயைப் படம் பிடித்தே சொல்லிவிடும் செல்போன் செயலி. மூன்றின் பின்னாலும் தெர்மாகோல் அட்டையில் ‘துல்லியம் 95%’ என்று பெரிய எழுத்து. ரத்த ஆய்வகத்திலும் மின்னணுவியல் வகுப்பிலும் நாள் முழுக்க இந்த வேலையையே பார்க்கிறவர்கள் என்ற முறையில் உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். அந்த எண்ணுக்கு மதிப்பெண் போடாதீர்கள். கருவி எங்கெங்கே தவறியது, ஏன் தவறியது என்று எழுதிவைத்த நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்து, அதற்குப் போடுங்கள்.

முதலில் கணக்கு. இந்தியாவில் பீட்டா தலசீமியா மரபணுவைச் சுமப்பவர்கள் சராசரியாக நூற்றுக்கு மூன்று, நான்கு பேர். நான்கு என்றே வைத்துக்கொள்வோம். யாருடைய ரத்தத்தைக் கொடுத்தாலும் ‘நார்மல்’ என்று மட்டுமே சொல்லும் ஒரு காலி டப்பாவைச் செய்தால்கூட அது நூற்றுக்கு 96 முறை சரியாகச் சொல்லும். காலி டப்பா 96, மாணவரின் கருவி 95! ஆகவே கேட்க வேண்டியவை இரண்டு: சுமப்பவர்களில் எத்தனை பேரைத் தவறவிட்டது, இல்லாதவர்களில் எத்தனை பேரை வீணாகப் பயமுறுத்தியது? சுமப்பவரில் 95 சதவீதத்தைப் பிடித்து, மற்றவரில் 90 சதவீதத்தைச் சரியாக விடுவிக்கும் ஒரு நல்ல முதற்கட்டச் சோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1000 பேரில் சுமப்பவர் 40. அதில் 38 பேர் அகப்படுவார்கள், 2 பேர் நழுவுவார்கள். மீதி 960 பேரில் 96 பேருக்குப் பொய்யாகப் ‘பாசிட்டிவ்’ வரும். ஆக ‘பாசிட்டிவ்’ வந்த 134 பேரில் உண்மையானவர்கள் 38 பேர்தான். எட்டாம் வகுப்புக் கணக்குதான் இது. அட்டையில் இந்தக் கணக்கைப் போட்டிருக்கும் மாணவருக்கு, மேசையில் விளக்கு மினுங்காவிட்டாலும் பரிசு கொடுக்கலாம்.

ரத்த மேசையில் பெரும்பாலும் இருப்பது நெஸ்ட்ரோஃப்ட் எனப்படும் ஒற்றைக் குழாய்ச் சோதனையின் ஏதாவது ஒரு வடிவம். 10 சதவீத பஃபர் (அமில-காரச் சமநிலை மாறாத) உப்புக் கரைசலில் 36 மி.லி. எடுத்து, காய்ச்சி வடித்த நீரால் 1 லிட்டராக்கினால் 0.36 சதவீதக் கரைசல் கிடைக்கும். அதில் 2 மி.லி.யைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, 20 மைக்ரோலிட்டர் ரத்தம் சேர்த்து, அரை மணி நேரம் அசையாமல் வைக்க வேண்டும். பிறகு மெதுவாகக் கலக்கி, மெல்லிய கறுப்புக் கோடு போட்ட வெள்ளைத் தாளின் முன்னே குழாயைப் பிடித்துப் பார்க்க வேண்டும். சாதாரண சிவப்பணு இந்த நீர்த்த உப்பில் தண்ணீரை உறிஞ்சி வெடித்துவிடும். கரைசல் தெளிந்து கோடு தெரியும். தலசீமியா சுமப்பவரின் அணு தட்டையானது, வீங்குவதற்கு இடமிருப்பதால் பல வெடிக்காமல் தாங்கும். கரைசல் கலங்கிக் கோடு மறையும். பக்கத்திலேயே வெறும் காய்ச்சி வடித்த நீரில் அதே ரத்தத்தை இட்ட இன்னொரு குழாய் ஒப்பீட்டுக்காக நிற்க வேண்டும். அந்த இரண்டாவது குழாய் இல்லையென்றால் முதல் குழாயின் விடையை நம்ப வேண்டாம்.

இது எங்கெங்கே தவறும் என்பதில்தான் அறிவியலே இருக்கிறது. உப்புக் கரைசல் சீசாவைத் திறந்தபடி வேலூர் வெயிலில் விட்டால் தண்ணீர் ஆவியாகி உப்பு கூடும். நல்ல அணுவும் வெடிக்காது, எல்லோருக்கும் ‘பாசிட்டிவ்’. நேர்மாறாக, பாத்திரம் தேய்க்கும் சோப்பால் குழாயைக் கழுவி, சரியாக அலசாமல் விட்டால் ஒட்டியிருக்கும் சோப்பே அணுக்களின் சவ்வை உடைத்துவிடும். கரைசல் பளிச்சென்று தெளியும், சுமப்பவருக்கும் ‘நெகட்டிவ்’. முதல் பிழை வந்தால் மறுசோதனைக்காவது போவார்கள். இரண்டாவது பிழை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பிவிடும் என்பதால் அதைத்தான் அதிகம் கேட்டுத் துருவ வேண்டும். “குழாயை எதால் கழுவினாய், எத்தனை முறை அலசினாய்?” என்ற ஒரு கேள்வியிலேயே மாணவர் தானாகச் செய்தாரா, கடையில் ரெடிமேடாக வாங்கி வந்தாரா என்பது தெரிந்துவிடும்.

இன்னொன்று இரும்புச்சத்துக் குறைவு. அதிலும் சிவப்பணு சிறுத்து, வெளுத்து, தட்டையாகிக் கரைசல் கலங்கும். தமிழகப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்லும் நிலையில், ஒரு பெண்கள் பள்ளியில் இந்தக் குழாயை வைத்தால் கலங்கல்களில் பெரும்பங்கு இரும்புக் குறைவால் வந்ததாகவே இருக்கும். அதனால்தான் ஆய்வகத்தில் கலங்கிய குழாயோடு நிறுத்துவதில்லை. ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. இயந்திரத்தில் ஏ2 என்ற வகையின் அளவைப் பார்க்கிறோம், 3.5 சதவீதத்துக்கு மேல் போனால்தான் பீட்டா தலசீமியா சுமப்பவர் என்ற பேச்சே எழும். அங்கேயும் இரும்புக் குறைவு ஏ2 அளவைக் கீழே இழுத்து ஏமாற்றும்.

இங்கே கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறோம். கண்காட்சி அரங்கில் மனித ரத்தம் வேண்டவே வேண்டாம். பார்வையாளர் விரலில் குத்தி ‘நேரடி சோதனை’ காட்டும் மேசையை, எவ்வளவு நன்றாக இருந்தாலும், போட்டியிலிருந்து விலக்குங்கள். ஊசியில் ஒட்டிய கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தமே ஹெப்படைடிஸ் பி கிருமியைக் கடத்தப் போதும். அதற்கும் மேல், பத்தாம் வகுப்புப் பெண்ணுக்குக் கூட்டத்தின் நடுவே ‘பாசிட்டிவ்’ என்று அறிவித்தால், நாளைக்கு அவள் கல்யாணப் பேச்சில் அது எப்படித் திரும்பி வரும் என்பது நம் ஊரில் யாருக்கும் தெரியாததல்ல. மரபணு ஒன்றைச் சுமப்பவர் நோயாளி இல்லை. சுமப்பவர் இருவர் மணந்தால் ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு நோய் வாய்ப்பு. இதைத் தனியறையில் உட்கார்ந்து விளக்கத் தெரிந்தவர் இல்லாத இடத்தில் சோதனையும் இருக்கக் கூடாது.

மாற்றாக ஆட்டுக்கறிக் கடை ரத்தத்தைக் கொண்டுவருவார்கள். ஆட்டின் சிவப்பணு மனிதருடையதைவிடப் பொடியானது, மிக எளிதில் உடையக்கூடியது. 0.36 சதவீதத்தில் எந்த ஆட்டு ரத்தமும் தெளியத்தான் செய்யும். கருவி ‘நார்மல், நார்மல்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். கலங்கலை அளக்கும் விளக்கையும் உணரியையும் சரிபார்க்கத்தான் வேண்டுமென்றால் பசும்பால் போதும். 2 மி.லி. தண்ணீரில் 10, 20, 40 மைக்ரோலிட்டர் பால் விட்டு மூன்று குழாய். ஒவ்வொன்றையும் பத்து முறை அளந்து எண்களை அப்படியே நோட்டில் ஏற்றச் சொல்லுங்கள். மேலே ஜன்னல் வெளிச்சம் விழும்போது ஒரு பத்து, கறுப்புத் துணி மூடி ஒரு பத்து. இரண்டு பத்தும் ஒத்துப்போகாவிட்டால் கருவி அளந்தது ஜன்னலை.

ரோபோவுக்கு வருவோம். ரத்தச் சொட்டைத் தானே அளந்து விடும் சிரிஞ்சுக் கை இப்போது பிரபலம். ஸ்டெப்பர் மோட்டார் சிறு சிறு அடியாக (step) எட்டு வைத்துச் சுழலும்; வழக்கமானதற்கு ஒரு சுற்றுக்கு 200 அடி. கடையில் கிடைக்கும் திருகுத் தண்டு ஒரு சுற்றில் 8 மி.மீ. நகர்த்தும். அப்படியானால் ஓர் அடிக்கு 0.04 மி.மீ. உள்விட்டம் சுமார் 12 மி.மீ. உள்ள 5 மி.லி. சிரிஞ்சில் இது ஏறக்குறைய 4.5 மைக்ரோலிட்டர். 20 மைக்ரோலிட்டர் விட வேண்டிய இடத்தில் நான்கு அடி வைத்தால் 18, ஐந்து வைத்தால் 22.5, நடுவில் எதுவும் கிடையாது. 1 மி.லி. சிரிஞ்சை மாட்டினால் (உள்விட்டம் ஏறத்தாழ 4.7 மி.மீ.) ஓர் அடிக்கு 0.7 மைக்ரோலிட்டர், 29 அடியில் 20 வந்துவிடும். ஐந்து ரூபாய் சிரிஞ்சை மாற்றினால் தீர்கிற சிக்கலுக்கு ஐந்நூறு ரூபாய் மோட்டாரை மாற்றியிருப்பார்கள். திசை திரும்பும்போது நட்டில் இருக்கும் ஆட்டம் முதல் சில அடிகளை விழுங்கிவிடும். குழலில் ஒரு காற்றுக் குமிழி இருந்தால் அது சுருங்கி, மோட்டார் நகர்ந்தும் சொட்டு வராது. சரிபார்க்க வழி எளிது: 50 முறை தண்ணீர் விடச் சொல்லி, மூடியுள்ள சிறு புட்டியில் சேர்த்து நகைக்கடைத் தராசில் நிறுத்தால் 1 கிராம் இருக்க வேண்டும். அந்தத் தராசுச் சீட்டை ஒட்டிய நோட்டு ஒன்றையாவது இந்த ஆண்டு பார்த்துவிட வேண்டும் என்பது எங்கள் ஆசை.

தடையைக் கண்டு நிற்கும் ரோபோக்களுக்கு ஒரே கேள்வி போதும்: வெயிலில் ஓட்டினாயா? பெரும்பாலும் அவை ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டே தூரத்தை அளக்கின்றன. ஒலியின் வேகம் வெப்பத்தோடு கூடும். நிரலில் 20 டிகிரிக்கான வேகத்தை எழுதிவிட்டு 42 டிகிரி மைதானத்தில் விட்டால், 1 மீட்டர் தூரத்தை அது 96 செ.மீ. என்றே சொல்லும்.

தோல் புற்றுநோய்ச் செயலிகளில் குறை வேறு மாதிரி. செயலியைப் பழக்க இணையத்தில் கிடைக்கும் படத் தொகுப்புகள் பெரும்பாலும் வெள்ளைத் தோல் உடையவர்களுடையவை. புற்றுக் கட்டிப் படங்களில் மருத்துவர் வைத்த அளவுகோலும் சேர்ந்து பதிந்திருக்கும். நிரல் கட்டியை விட்டுவிட்டு அளவுகோலைக் கற்றுக்கொள்ளும். ஒரே கட்டியின் இரண்டு படங்களில் ஒன்று பயிற்சியிலும் மற்றது சோதனையிலும் இருந்தால் மதிப்பெண் எகிறும். நம் தோலில் மெலனோமா என்ற கொடிய தோல் புற்றுநோய் வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில்தான் அதிகம் வருகிறது. முகத்தைப் படம் பிடிக்கும் செயலி அங்கே எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் ஆறாத தீக்காயத் தழும்பிலும், உணர்ச்சி மரத்த பாதத்தின் நாட்பட்ட புண்ணிலும் புற்று பிடிக்கக்கூடும். தொழுநோய்ப் பாதங்களைப் பராமரிப்பதற்குப் பெயர்பெற்ற கரிகிரி வேலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. வெயில் தடுப்புக் களிம்புச் சுவரொட்டியை அப்படியே மொழிபெயர்த்து ஒட்டும் மாணவரைவிட, சிறு கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கக் கற்றுத்தரும் மாணவர் நம்மூர் வேலையைச் செய்கிறார். களிம்பும் முழுக்கைச் சட்டையும் அகன்ற தொப்பியும் இங்கே கட்டாயமாகத் தேவைப்படுவது பிறவியிலேயே நிறமி குறைந்த வெண்தோல் குறைபாடு (அல்பினிசம்) உள்ள பிள்ளைகளுக்கு. அவர்களைக் குறிப்பிட்ட சுவரொட்டி அரிதாகவே கண்ணில் படுகிறது. புறஊதாக் கதிர் அளக்கும் கருவி என்றால், உணரியின் மேல் கண்ணாடி மூடி இருக்கிறதா என்று பாருங்கள். தோலைச் சுடும் கதிரைச் சாதாரணக் கண்ணாடி பெருமளவு தடுத்துவிடும்; உச்சி வெயிலிலும் ‘பாதுகாப்பு’ என்று பச்சை விளக்கு எரியும்.

கடைசியாக, நடைமுறைக்கு. மதிப்பெண் தாளில் 100க்கு 30ஐப் பிழை நோட்டுக்கென்று ஒதுக்குங்கள். நோட்டில் தேதி, அளந்த எண், நடந்த தவறு, மாற்றிய பொருள் ஆகிய நான்கு கட்டங்கள் போதும். பேனாவில் எழுதியிருக்க வேண்டும், அடித்தல் திருத்தல் இருந்தால் நல்லது. மாணவர் கண்டுபிடிப்புகளுக்கான மத்திய அரசின் இன்ஸ்பயர் மானக் திட்டத்தில் பிள்ளைக்கு வரும் 10,000 ரூபாயில் எவ்வளவு ரெடிமேட் மாடலுக்குப் போனது என்ற ரசீதையும் அதே நோட்டில் ஒட்டச் சொல்லலாம். ஆசிரியர்கள் இதைக் கண்காட்சிக்கு ஆறு வாரம் முன்பே அறிவித்துவிட்டால் நோட்டு நிரம்ப நேரம் இருக்கும். முதல் வாரம் பால் குழாய்களும் தராசும் மட்டும் போதும்.

இப்படிக்கு,
வேலூரில் ரத்த ஆய்வகப் பணியிலும் மின்னணுவியல் கற்பித்தலிலும் உள்ள சிலர்