காம்பு வேண்டாம், கை போதும்

மோல்மீன், பர்மா

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் இங்கே சுகம். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகமாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே ஆடி மழை விடாமல் கொட்டுகிறது, துணி காய்வதே பெரும்பாடாக இருக்கிறது.

அன்றைக்கு நீ பேசிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. அப்புறம் லைனே கிடைக்கவில்லை. "குட்டி நாலு நாளாக வெளிக்குப் போகவில்லை அம்மா" என்று நீ சொன்னது கேட்டது. பின்னால் சம்பந்தியம்மா வெற்றிலைக் காம்பு என்று ஏதோ சொன்னதும் காதில் விழுந்தது. அதிலிருந்து எனக்கு மனது கேட்கவில்லை. விட்டுவிட்டுக் கேட்கும் போனில் அரைகுறையாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். நம் தெருப் பையன் ஒருவன் சிங்கப்பூருக்கு வேலைக்கு வருகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். இது உன் கைக்கு வருவதற்குள் குட்டி வெளிக்குப் போயிருப்பான். இருந்தாலும் திரும்பத் திரும்ப வரும் விஷயம், படித்து வைத்துக்கொள்.

முதலில் ஒன்று சொல். போகும்போது எப்படிப் போகிறான்? இளகலாகவா, உருண்டை உருண்டையாகக் காய்ந்தா? நீ நாளை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறாய். தாய்ப்பால் குடிக்கிற பிள்ளை முதல் சில வாரங்களில் ஒரு நாளைக்குப் பலமுறை போகும். 6 வாரம் தாண்டியதும் சில பிள்ளைகளுக்கு அது சட்டென்று குறைந்துவிடும். 7 நாள் வரை, ஏன் அதற்கு மேலும்கூடப் போகாமல் இருந்துவிட்டு, பிறகு ஒரேயடியாக இளகிப் போகிற பிள்ளைகள் உண்டு. தாய்ப்பால் பெரும்பகுதி உடம்பிலேயே சேர்ந்துவிடுகிறது, வெளியே தள்ள அதிகம் மிச்சமிருப்பதில்லை. பால் நன்றாகக் குடிக்கிறானா, ஒரு நாளைக்கு 6 நாப்பியாவது நனைகிறதா, எடை ஏறுகிறதா, வயிறு தொட்டால் மெத்தென்று இருக்கிறதா? எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றால் அது மலச்சிக்கல் இல்லை. நீ நிம்மதியாகத் தூங்கு. கெட்டியாக, காய்ந்து, போகும்போது வலித்து அழுதால்தான் மலச்சிக்கல். நாலு நாளைவிட அந்தக் கெட்டிதான் எனக்கு முக்கியம்.

இன்னொன்றும் இருக்கிறது. முகம் சிவக்க முக்கி, காலை மடக்கி, பத்து இருபது நிமிடம் கத்தி அழுது, கடைசியில் பார்த்தால் இளகலாகவே போவான். பார்க்கிறவர்களுக்கு ஈரக்குலை நடுங்கும். அதுவும் சிக்கல் இல்லை. வயிற்றை அழுத்தி முக்கும் அதே நேரத்தில் கீழே தசையைத் தளர்த்தவும் வேண்டும், இல்லையா? பெரியவர்களுக்கு அது தானாக வருகிறது. குட்டிகளுக்கு அந்த இரண்டையும் சேர்த்துச் செய்யத் தெரியாது, முக்கும்போதே கீழேயும் இறுக்கிக்கொள்வார்கள். கொஞ்ச நாளில், கொஞ்ச மாதத்தில் தாங்களே கற்றுக்கொள்வார்கள். இதற்கு மருந்து கிடையாது, தேவையும் கிடையாது.

இப்போது காம்புக்கு வருகிறேன். வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தொட்டு ஆசனவாயில் வைப்பது நம் வீடுகளில் எத்தனையோ தலைமுறையாக நடந்துவந்ததுதான். உன் பாட்டி காலத்திலும் வைத்தார்கள், சிலர் சோப்புத் துண்டைச் சீவியும் வைத்தார்கள். இங்கே முக்குக்கு முக்கு கூன்யா என்கிற வெற்றிலைபாக்குக் கடை, காம்புக்குப் பஞ்சமே இல்லை. "எங்கள் பிள்ளைகளுக்கெல்லாம் வைத்தோம், என்ன ஆகிவிட்டது" என்று சம்பந்தியம்மா கேட்பார்கள். ஒன்றும் ஆகாத பிள்ளைகளைத்தான் நாம் கண்ணால் பார்க்கிறோம், கண்ணு. அந்த இடத்தின் உள்தோல் அவ்வளவு மெல்லியது, காம்பின் நுனி கீறிவிடும். கீறினால் அடுத்த முறை போகும்போது எரியும். எரிந்தால் பிள்ளை அடக்கும். அடக்கினால் உள்ளேயே தங்கி இன்னும் கெட்டிப்படும். இல்லாத சிக்கலை நாமே உண்டாக்கியதாகிவிடும். சோப்பு அந்த இடத்தை எரித்துப் புண்ணாக்கும். அதோடு, குத்திவிட்டால்தான் போவது என்று பிள்ளையும் பழகிவிடுவான், முக்கித் தளர்த்தக் கற்றுக்கொள்ளவே மாட்டான். அதனால் உள்ளே எதையும் வைக்காதே, விரலைக்கூட வைக்காதே. டாக்டர் பார்த்து, அவரே மருந்து எழுதிக் கொடுத்தால் அது வேறு.

கைதான் நமக்கு இருக்கிறது. எப்படித் தடவ வேண்டும் என்று பொறுமையாகச் சொல்கிறேன், அவசரப்படாமல் படி.

பால் குடித்தவுடன் செய்யாதே, கக்கிவிடுவான். அரை மணி, முக்கால் மணி நேரம் போகட்டும். பசியில் இருக்கும்போதும் வேண்டாம். காலையில் குளிப்பாட்டுவதற்கு முன்னால் நல்ல நேரம். தரையில் பாய் விரித்து, மேலே துண்டு போட்டு, அவன் கால் உன் பக்கம் இருக்கும்படி மல்லாக்கப் படுக்க வை. எண்ணெய் பட்டால் வழுக்கும், அதனால் கட்டிலின் ஓரம் வேண்டாம். மின்விசிறி, ஏசி எல்லாவற்றையும் நிறுத்திவிடு. மோதிரம், வளையலைக் கழற்று, நகத்தை ஒட்ட வெட்டிக்கொள். தேங்காய் எண்ணெய் ஓரிரு சொட்டு போதும். முதல் நாள் கையில் ஓரிடத்தில் தடவி, தடித்துச் சிவக்கிறதா என்று பார்த்துக்கொள். வாசனை போட்ட எண்ணெய், கற்பூரம் கலந்த தைலம் எதுவும் வேண்டவே வேண்டாம். கற்பூரம் சின்னப் பிள்ளைகளுக்கு விஷம். இங்கே பெரியவர்கள் தலைவலிக்கும் சளிக்கும் அந்தத் தைலத்தைத்தான் பூசுவார்கள், அதனால் மறக்காமல் சொல்கிறேன்.

இரண்டு கையையும் தேய்த்துச் சூடாக்கு. முதலில் தடவாதே. உள்ளங்கையை அவன் வயிற்றின் மேல் சும்மா வைத்துக்கொண்டு முகத்தைப் பார்த்துப் பேசு. கை பழகட்டும். அவன் உடம்பை விறைக்காமல் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தால் ஆரம்பிக்கலாம்.

விலா எலும்புக்குக் கீழிருந்து அடிவயிறு வரை ஒரு கை, அது முடிவதற்குள் மறு கை, இப்படி மாற்றி மாற்றி மேலிருந்து கீழே ஏழெட்டு முறை தடவு. அப்புறம்தான் முக்கியமான தடவல். பெருங்குடல் பிள்ளையின் வலது அடிவயிற்றில் ஆரம்பித்து மேலே ஏறி, விலாவுக்குக் கீழே குறுக்கே போய், இடது பக்கம் இறங்குகிறது. மலம் அந்த வழியாகத்தான் வரும், உன் கையும் அந்த வழியாகவே போக வேண்டும். அவன் கால் உன் பக்கம் இருப்பதால் அவனுடைய வலது உன்னுடைய இடது. உன் இடது பக்கம் கீழே ஆரம்பித்து மேலே போ, தொப்புளுக்கு மேலாகக் குறுக்கே வா, உன் வலது பக்கம் கீழே இறங்கு. கடிகார முள் சுற்றும் அதே திசை. எதிர்த்திசையில் சுற்றாதே.

எவ்வளவு அழுத்துவது என்று கேட்பாய். உன் கண்ணை மூடி இமைமேல் விரலை வைத்து அழுத்திப் பார், அங்கே வலிக்காத அழுத்தம் எவ்வளவோ அவ்வளவுதான். ரொம்ப லேசாகத் தொட்டாலும் கூச்சத்தில் நெளிவான். விரல் நுனியால் குத்தாமல், விரல்களின் தட்டையான பாகத்தால் தடவு.

நீ அனுப்பிய வீடியோவில் அந்தப் பெண் வயிற்றின் மேல் ஐ லவ் யூ என்று எழுதுகிறாளே, அதுவும் இதே வழிதான். முதலில் இடது பக்கம் மட்டும் மேலிருந்து கீழே, அப்புறம் குறுக்கே போய்க் கீழே, கடைசியில் வலது பக்கம் ஏறி, குறுக்கே போய், இடது பக்கம் இறங்குகிறாள். வெளிவாசல் பக்கம் இருப்பதை முதலில் நகர்த்திவிட்டு, அப்புறம் பின்னால் இருப்பதைக் கொண்டுவருவது. நன்றாகத்தான் இருக்கிறது, உனக்கு அது சுலபமென்றால் அப்படியே செய்.

பிறகு இரண்டு முழங்காலையும் சேர்த்துப் பிடித்து, மெதுவாக வயிற்றோடு மடக்கி, அஞ்சு ஆறு எண்ணும்வரை வைத்திருந்து விடு. காலை நீட்டி ஒரு ஆட்டு ஆட்டு. நாலைந்து தடவை. அப்புறம் சைக்கிள் மிதிக்கிற மாதிரி ஒவ்வொரு காலாக மடக்கி நீட்டு. இந்த நேரத்தில்தான் பெரும்பாலும் காற்று பிரியும். மொத்தம் ஐந்து நிமிடம் போதும், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை செய்யலாம். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டால், விறைத்தால், அழுதால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடு. முடிந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டு, அந்தச் சூட்டிலும் உடம்பு தளரும். தொப்புள்கொடி விழுந்து நன்றாக ஆறிவிட்டது என்று சொன்னாய், அதனால் பயமில்லை. ஆறாத தொப்புளைச் சுற்றித் தடவக் கூடாது.

தடவினவுடன் வெளிக்குப் போய்விடுவான் என்று நான் சொல்ல மாட்டேன். சில நாள் போவான், சில நாள் காற்று மட்டும் பிரியும். வயிறு இளகும், அழுகை அடங்கும், உனக்கும் உன் பிள்ளையின் வயிறு எப்போது மெத்தென்று இருக்கிறது, எப்போது விம்மியிருக்கிறது என்று கைக்கே தெரிந்துவிடும். அந்தப் பழக்கம் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. உன் பாட்டி இந்தத் தெருவில் தமிழ்ப் பிள்ளை, பர்மாப் பிள்ளை, மோன் பிள்ளை என்று பார்க்காமல் காலை நீட்டி உட்கார்ந்து குளிப்பாட்டியவள். வயிற்றில் கை வைத்ததுமே "இவனுக்குக் காற்றுதான்" என்றோ, "இது சரியில்லை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ" என்றோ சொல்லிவிடுவாள்.

ஆனால் பாட்டி செய்த எல்லாவற்றையும் நீ செய்ய வேண்டாம். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடாதே, மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். உரம் விழுந்தது, அதாவது சுளுக்கு விழுந்தது என்று சேலையில் போட்டு உருட்டவும் விடாதே. விளக்கெண்ணெய் ஊற்றுவது, வசம்பு உரைத்து ஊட்டுவது, சர்க்கரைத் தண்ணீர், எதுவும் வேண்டாம். தேன் ஒரு வயது முடியும்வரை நாக்கில் தொட்டு வைக்கவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி பிள்ளையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு முதலில் காட்டுவதே மலச்சிக்கலைத்தான். 6 மாதம் ஆகும்வரை வெறும் தண்ணீரும் தேவையில்லை, பாலே போதும்.

ராத்திரியில் மாப்பிள்ளை ஒரு புட்டி மாவுப்பால் கொடுக்கிறார் என்றாய். மாவுப்பால் குடிக்கும் பிள்ளைகளுக்கு மலம் கொஞ்சம் கெட்டியாகத்தான் இருக்கும். அவர் எப்படிக் கலக்குகிறார் என்று ஒருநாள் பக்கத்தில் நின்று பார். முதலில் தண்ணீரை அளந்து ஊற்றிவிட்டு அப்புறம் மாவு போட வேண்டும். அந்த டப்பாவில் வந்த கரண்டியால், கத்தி முதுகால் வழித்துவிட்டு, டப்பாவில் போட்டிருக்கும் கணக்குப்படி. வயிறு நிறையட்டும் என்று குவித்துப் போட்டால் கட்டிக்கொள்ளும். இளகட்டும் என்று தண்ணீரை அதிகம் சேர்ப்பதும் தப்பு, பிள்ளைக்குச் சத்து போதாது.

இதில் ஒன்று நடந்தால் தடவிக்கொண்டு உட்காராதே, நேராக ஆஸ்பத்திரி. பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால், வயிறு உப்பிக் கல்லாக இருந்தால், மலத்தில் ரத்தம் கண்டால், பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடந்தால். 3 மாதத்துக்குள் இருக்கும் பிள்ளைக்குக் காய்ச்சல் 38 டிகிரி தொட்டாலே டாக்டர் பார்க்க வேண்டும். மலம் சுண்ணாம்பு நிறத்தில் வெளுத்துப் போனாலும் காட்டு, அது ஈரல் சமாச்சாரம். பிறந்து 48 மணி நேரத்துக்குள் முதல் கறுப்பு மலம் போயிருக்க வேண்டும். நம் குட்டிக்கு முதல் நாளே அது போய்விட்டது என்று நீ சொன்னது ஞாபகமிருக்கிறது, அதை டாக்டரிடம் சொல்லு, அவர் கேட்பார். இளகலாக இல்லாமல் கெட்டியாகவே தொடர்ந்து போனாலும் தடுப்பூசி நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

சம்பந்தியம்மாவிடம் "டாக்டர் வேண்டாமென்றார்" என்று வெட்டிப் பேசாதே. அவர்கள் பேரன்மேல் உயிரை வைத்திருக்கிறார்கள், அதனால்தான் காம்பைத் தேடுகிறார்கள். "அத்தை, உங்கள் கைதான் பக்குவமாக இருக்கிறது, நீங்களே தடவிவிடுங்கள்" என்று எண்ணெயை அவர்கள் கையில் கொடு. எந்தத் திசையில் தடவுவது என்பதை நீ பக்கத்தில் உட்கார்ந்து காட்டு. காலை வேளை அவர்கள் பொறுப்பென்று ஆகிவிட்டால் உனக்கும் ஒரு மணி நேரம் தூங்கக் கிடைக்கும். மாப்பிள்ளைக்கும் கற்றுக்கொடு, ராத்திரி அழுகைக்கு அவர் கை உதவும்.

பொட்டலத்தில் அப்பாவின் பழைய வேட்டித் துணி கிழித்துத் துவைத்து வைத்திருக்கிறேன், குட்டிக்கு அடியில் போட. முகத்தில் அரைத்துப் பூசும் தனகாக் கட்டை உனக்கு, அவனுக்கு இப்போது பூசாதே. கடிதம் கிடைத்ததும், அவன் எப்படிப் போகிறான் என்று இரண்டு வரி போனில் எழுதிப் போடு. லைன் வரும்போது பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா