புற்றுநோய் ஆய்வில் செவிலியர்களுக்கும் இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புற்றுநோய் ஆராய்ச்சி பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மருத்துவர்கள், மருந்து நிறுவனங்கள், மரபணுச் சோதனைகள் என்று விரிவாக இருந்தது. செவிலியர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கீமோ (புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும் சிகிச்சை) வார்டில் பல வருஷம் வேலை பார்த்தவள் என்பதால் இது எனக்கு வருத்தமாக இருந்தது.

நம் மாநிலத்திலேயே நடந்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன். 2000-ல் திண்டுக்கல் மாவட்டத்தில் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை பற்றிய பெரிய ஆய்வு தொடங்கியது. கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, எங்காவது வெளுக்கிறதா என்று கண்ணால் பார்க்கும் எளிய சோதனை அது. 30 முதல் 59 வயது வரையுள்ள 31,000-க்கும் மேற்பட்ட பெண்களுக்கு இதைச் செய்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள். தேவைப்பட்டவர்களுக்கு அந்த இடத்தை உறையவைத்து அழிக்கும் சிகிச்சையையும் அவர்களே கொடுத்தார்கள். 2007-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் முடிவு வெளியானது. பரிசோதனை நடக்காத பகுதிகளோடு ஒப்பிட்டால், நடந்த பகுதிகளில் இந்த நோயால் இறப்பது 35 சதவீதம் குறைந்திருந்தது.

இவ்வளவு பெரிய வேலையை நம்பி ஒப்படைக்க முடிகிறது. ஆனால் எதை ஆராய வேண்டும் என்று பேசும் இடத்தில் எங்களைக் கூப்பிடுவதில்லை. ஆய்வு நடக்கும் வார்டில் குறித்த நிமிஷத்தில் ரத்தம் எடுப்பதும், எத்தனை முறை வாந்தி என்று படிவத்தில் எழுதுவதும் நாங்கள்தான். அந்த ஆய்வு எதற்காக என்பதே பல சிஸ்டர்களுக்குத் தெரியாது.

கேள்விகள் எங்களிடம் நிறைய இருக்கின்றன. 5-எஃப்யூ என்ற கீமோ மருந்தை ஊசியில் ஒரேயடியாக ஏற்றும்போது அரை மணி நேரம் ஐஸ்கட்டியை வாயில் அடக்கி வைத்திருந்தால் வாய்ப்புண் குறையும் என்று 1991-லேயே அமெரிக்காவில் ஆய்வு வந்துவிட்டது. குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்கி, மருந்து அங்கே குறைவாகப் போகிறது. சரி, நம் வார்டில்? வெள்ளையணு குறைந்து நோய்த்தொற்று எளிதில் வரக்கூடியவருக்கு எந்தத் தண்ணீரில் செய்த ஐஸைக் கொடுப்பது? வருஷக்கணக்கில் புகையிலை போட்டு வாய் வெந்துபோன பாட்டி அந்தக் குளிரை எத்தனை நிமிஷம் தாங்குவார்? அந்த அரை மணி நேரமும் பக்கத்தில் நிற்பவள் சிஸ்டர். இதை ஆராய அவளைவிடப் பொருத்தமான ஆள் யார்?

பிறகு ஏன் செய்வதில்லை என்றால், முதலில் நேரம் இல்லை. டியூட்டி முடிந்தும் ரெக்கார்டு எழுதிக்கொண்டிருப்பவள் எப்போது ஆய்வுக் கட்டுரை படிப்பாள்? தொகுப்பூதியத்தில் இருப்பவர்களுக்கு வேலை நிரந்தரமாகுமா என்பதே கவலை. ஆங்கிலக் கட்டுரையும் புள்ளியியலும் மிரட்டுகின்றன. ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று சொல்லித்தர ஆள் இல்லை.

ஆனால் என் அனுபவத்தில், எல்லாவற்றையும்விட மேலே இருப்பவரின் மனசுதான் பெரிய விஷயம். எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் ஒரு நீளநோட்டில், அடுத்த கீமோவுக்கு வராமல் போனவர்களின் பெயரையும் காரணத்தையும் எழுதி வைப்பார். பஸ்ஸுக்குக் காசில்லை, கூட வர ஆளில்லை, அறுவடை நேரம், முடி கொட்டியதைப் பார்த்து மாமியார் ஏதோ சொல்லிவிட்டார். ஒரு மருத்துவர் அதைப் பார்த்துவிட்டு, இதையே முறையாகச் சேகரிக்கலாம் என்றார். நாங்கள் போட்டி போட்டுக்கொண்டு ஆளுக்கு ஒரு பக்கமாகப் போன் செய்து விசாரித்தோம். அப்புறம் அந்த மருத்துவருக்கு மாறுதல் வந்தது. புதிதாக வந்தவர் "இதெல்லாம் உங்க வேலையா சிஸ்டர்?" என்று கேட்டார். நோட்டு அலமாரிக்குள் போய்விட்டது.

எம்.எஸ்சி. நர்சிங் முடிக்க ஒவ்வொருவரும் ஆய்வேடு எழுதுகிறார்கள். வைவா (வாய்மொழித் தேர்வு) முடிந்ததும் பெரும்பாலும் நூலகத்தோடு சரி. அதில் நல்லவற்றைப் புற்றுநோய் மருத்துவமனைகள் தேடி எடுத்து வார்டில் செய்து பார்க்கலாம். ஆர்வமுள்ள சிஸ்டர்களுக்கு மாதத்தில் சில நாட்களை ஆய்வுக்கென்றே டியூட்டி சார்ட்டில் ஒதுக்கி, அந்த நாட்களில் வார்டுக்கு மாற்று ஆள் போட வேண்டும். கணக்குப் பார்த்துத்தர ஒரு புள்ளியியலாளர் வேண்டும். கட்டுரை வெளியாகும்போது, உழைத்த செவிலியரின் பெயர் நன்றிப் பட்டியலில் அல்ல, ஆசிரியர் பட்டியலில் வர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
மதுரை.