மழலையர் வீட்டுப்பாடமும் எண்ணறிவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொடக்கப்பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் என்ற முறையில், எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகளின் கணக்கு வீட்டுப்பாடம் பற்றிச் சில செய்திகளைத் தங்கள் நாளிதழ் வழியாகப் பெற்றோர்களிடம் சொல்ல விரும்புகிறேன். நான்கு வயதுப் பிள்ளையிடம் கட்டம் போட்ட நோட்டைக் கொடுத்து, ‘1 முதல் 50 வரை எழுதி வா’ என்று அனுப்புவது பல மழலையர் பள்ளிகளில் வழக்கமாகிவிட்டது. அதை எழுதி முடிக்கப் பிள்ளையும் தாயும் படும் பாடு ஒருபுறம் இருக்க, அந்த எழுத்துவேலையில் கணக்கு மிகக் குறைவு என்பதே என் கவலை.

ஐம்பது வரை கடகடவென்று ஒப்பிக்கும் பிள்ளையின் முன்னால் ஏழு புளியங்கொட்டைகளை வரிசையாக வைத்து எண்ணச் சொல்லிப் பாருங்கள். விரல் ஒரு கொட்டையில் இருக்கும்போதே வாய் இரண்டு எண்களைச் சொல்லிவிடும். ஒருவாறு சரியாக ஏழு என்று முடித்த பிள்ளையிடம், ‘அப்படியானால் மொத்தம் எத்தனை?’ என்று கேட்டால், மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கும். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது அதற்கு இன்னும் பிடிபடவில்லை. ‘ஐந்து கொட்டை எடுத்துக் கொடு’ என்றால் கை கொண்ட மட்டும் அள்ளிக் கொடுக்கும். இது பிள்ளையின் குறையன்று. அந்த வயதின் இயல்பு. ஒரு பொருளுக்கு ஓர் எண்தான், எண்களின் வரிசை மாறாது, கடைசி எண்ணே மொத்தம், எதை வேண்டுமானாலும் எண்ணலாம், எந்த முனையிலிருந்து எண்ணினாலும் மொத்தம் ஒன்றே என்ற ஐந்தும் சேர்ந்ததுதான் எண்ணுதல் என்று கெல்மன், காலிஸ்டல் என்னும் அமெரிக்க உளவியலாளர்கள் 1978-லேயே வகுத்துக் காட்டினார்கள். இவற்றுள் வரிசையைத் தவிர வேறெதையும் நோட்டில் எழுதிப் பழகுவது கற்றுத் தருவதில்லை.

வீட்டில் இதற்கெனத் தனியாகப் பாட நேரம் வேண்டியதில்லை. சாப்பிட உட்காரும்போது ஆளுக்கொரு தட்டு எடுத்துவைக்கச் சொல்லி, ‘நாம் ஐந்து பேர், தட்டு மூன்றுதான் வந்திருக்கிறது, இன்னும் எத்தனை வேண்டும்?’ என்று கேட்கலாம். மாடிப்படிகளையும் கோலப் புள்ளிகளையும் சேர்ந்து எண்ணலாம். பரணில் பல்லாங்குழி கிடந்தால் அதை அவசியம் இறக்கிவையுங்கள். பதினான்கு குழிகளில் குழிக்கு ஒன்றாகச் சோழி போட்டுக்கொண்டே போவது, ஒரு பொருளுக்கு ஓர் எண் என்பதைக் கைக்கே பழக்கிவிடுகிறது. ஒரு குழியில் நான்கு சேர்ந்ததும் ‘பசு’ என்று எடுத்துக்கொள்கிறோமே, அதற்குள் இன்னொரு பயிற்சி இருக்கிறது. மூன்று, நான்கு பொருள்கள் வரை எண்ணாமலே ஒரே பார்வையில் எத்தனை என்று அறியும் திறன் அது. பசுவைத் தவறவிடக் கூடாது என்ற ஆவலிலேயே பிள்ளையின் கண் அதில் தேறிவிடும். ஆட்டத்தின் முழு விதிகளும் இந்த வயதில் வாரா, வராவிட்டால் போகட்டும். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் மட்டும், ஆடி முடித்ததும் சோழிகளை எண்ணி எடுத்து வைத்துவிட வேண்டும். அதுவும் ஒரு கணக்குதான்.

பரமபதம் ஆடலாமே என்று சிலர் நினைக்கலாம். நூறு கட்டங்கள், அதிலும் ஒரு வரிசை இடமிருந்து வலமும் அடுத்தது வலமிருந்து இடமும் போவது, நான்கு வயதுக்குக் குழப்பமானது. தரையில் சாக்பீஸால் பத்துக் கட்டங்களை ஒரே வரிசையில் வரைந்து 1 முதல் 10 வரை எழுதினால் போதும். கீதா ரமணி, ராபர்ட் சீக்லர் என்னும் ஆய்வாளர்கள் அமெரிக்காவில் ஏழைக் குடும்பப் பிள்ளைகளை இத்தகைய பலகையில் இரண்டு வாரங்களுக்குள் நான்கு முறை, முறைக்குக் கால் மணி நேரம் ஆடவைத்துப் பார்த்து, 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். எண்ணுவதிலும் எண்களை ஒப்பிடுவதிலும் அந்தப் பிள்ளைகள் முன்னேறியிருந்தார்கள்; ஒன்பது வாரங்கள் கழித்தும் அந்த முன்னேற்றம் நிலைத்திருந்தது. எண்ணுக்குப் பதிலாக நிறங்கள் மட்டும் இருந்த பலகையில் ஆடியவர்களிடம் அது காணப்படவில்லை. ஆடும்போது பெரியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐந்தாம் கட்டத்தில் நிற்கும் பிள்ளைக்கு இரண்டு விழுந்தால், ‘ஒன்று, இரண்டு’ என்று நகர்த்த விடாமல், ‘ஆறு, ஏழு’ என்று கட்டத்தின் எண்ணைச் சொல்லியே நகர்த்தப் பழக்க வேண்டும். கூட்டல் அங்கேதான் தொடங்குகிறது.

ஒன்றாம், இரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு வீட்டுப்பாடம் தரக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018 மே மாதத்தில் உத்தரவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகமும் அவ்வாறே மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. ஏழு வயதுப் பிள்ளைக்கே வேண்டாம் என்று சொன்ன சுமையை, பென்சிலை இறுகப் பிடிக்கக்கூட விரல்கள் வலுப்பெறாத நான்கு வயதுப் பிள்ளையின் மேல் ஏற்றுவதை எப்படி ஏற்றுக்கொள்வது? அரசுப் பள்ளிகளில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை 2022-ல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், பாடலும் செயல்பாடுமாகக் கணக்கைச் சொல்லித்தர முற்பட்டது. அதற்கும் கீழே உள்ள மழலையர் வகுப்புகளில், அதிலும் தனியார் பள்ளிகளில், எழுத்துவேலை குறையவே இல்லை. பள்ளிக் கல்வித் துறை இவ்வகுப்புகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, எழுத்து வீட்டுப்பாடத்தை நிறுத்தச் சொல்லித் தெளிவான சுற்றறிக்கை அனுப்ப வேண்டும்.

பெற்றோர்கள் கேட்பதால்தான் எழுதக் கொடுக்கிறோம் என்று பள்ளிகள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆகையால் அடுத்த பெற்றோர் கூட்டத்தில், நோட்டில் எத்தனை பக்கம் முடிந்திருக்கிறது என்று கேட்பதை விட்டு, தங்கள் பிள்ளை எத்தனை பொருள்கள் வரை பிழையின்றி எண்ணி எடுத்துக் கொடுக்கிறது என்று வகுப்பாசிரியையிடம் கேட்குமாறு பெற்றோர்களை அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை,
தஞ்சாவூர்.