செயலாளரின் ஆண்டறிக்கை: டி.ஆர்.சுந்தரம் என்ற இயக்குநர்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு முழுவதும் ஒரே ஒருவருடைய படங்களைப் பார்ப்பது, அவரைப் பற்றியே பேசுவது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தோம். சேலத்தில் இருந்துகொண்டு அந்த ஒருவர் யாரென்று நெடுநேரம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோவின் வளைவைக் கடக்காத உறுப்பினர் நம்மில் எவருமில்லை. ஆனால் அந்த வளைவுக்குள் படம் எடுத்தவரை முதலாளியாகத்தான் ஊர் நினைவில் வைத்திருக்கிறது. நேரம் தவறாதவர், கண்டிப்பானவர், எல்லோருக்கும் மாதச் சம்பளம் கொடுத்தவர் என்ற பேச்சுதான் எங்கும். டி.ஆர்.சுந்தரம் நல்ல இயக்குநரும்கூட என்பதை நாமே சரியாகக் கவனிக்கவில்லை என்பது என் கருத்து. அதைச் சரிசெய்யத்தான் இந்த ஆண்டின் கூட்டங்கள்.

முதல் கூட்டத்தில் வாழ்க்கை வரலாற்றைப் பேசினோம். 1907இல் பிறந்தவர், ஜவுளி நூல் வணிகக் குடும்பத்துப் பிள்ளை. இங்கிலாந்தில் லீட்ஸ் சென்று ஜவுளித் தொழில்நுட்பம் படித்துத் திரும்பினார். முதலில் ஏஞ்சல் பிலிம்ஸ் என்ற பட நிறுவனத்தில் பங்குதாரராகப் படத் தொழிலுக்குள் வந்தார். அன்றைக்குத் தமிழ்ப் பேசும்படம் எடுக்க வேண்டுமென்றால் நடிகர், பாடகர், பக்கவாத்தியக்காரர் எல்லோரையும் கூட்டிக்கொண்டு கல்கத்தாவுக்கோ பம்பாய்க்கோ ரயிலேற வேண்டும். அங்கே ஸ்டூடியோ வாடகையும் ஓடும், ஆட்களின் சாப்பாட்டுச் செலவும் ஓடும். இந்த அலைச்சலைப் பார்த்தவர், 1930களின் நடுவில் சேர்வராயன் மலையடிவாரத்திலேயே மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோவைக் கட்டினார். ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, செட் வேலை என்று எல்லாவற்றையும் ஒரே வளாகத்துக்குள் கொண்டுவந்தார். மில்லை நடத்தும் முறையைப் படிப்பாகவே படித்தவருக்கு இது இயல்பாக வந்திருக்க வேண்டும்.

முதல் படம் 1937இல் வந்த ‘சதி அகல்யா’. அதில் அகல்யாவாக அறிமுகமானவர் இலங்கையிலிருந்து வந்த கே.தவமணி தேவி. அடுத்த ஆண்டே மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ இதே சேலத்தில் தயாரானது. இயக்கியவர் எஸ்.நொட்டானி. கேரளத்திலிருந்து வந்து நம் கூட்டத்தில் கலந்துகொண்ட நண்பர் ஒருவர், அவர்களுடைய சினிமா வரலாற்றின் முதல் பக்கத்தில் சேலம் இருப்பதைச் சொன்னபோது அரங்கமே கை தட்டியது.

1940இல் வந்த ‘உத்தம புத்திரன்’ பற்றிய கூட்டம்தான் நீண்டுகொண்டே போனது. பி.யு.சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்த படம் அது. கணினி இல்லாத காலத்தில் ஒரே நடிகரை ஒரே சட்டத்தில் இரண்டு பேராகக் காட்டுவது எப்படி என்று ஒளிப்பதிவு தெரிந்த நம் மூத்த உறுப்பினர் படம் வரைந்து விளக்கினார். லென்ஸின் ஒரு பாதியை மூடி ஒரு முறை படமெடுத்து, பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, மறுபாதியை மூடி இன்னொரு முறை எடுக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே காமிரா இம்மியும் அசையக் கூடாது. வெளிச்சம் மாறக் கூடாது. நடிகர் எதிரில் இல்லாத தன்னையே பார்த்துப் பேச வேண்டும். சேலத்து ஸ்டூடியோவின் கண்டிப்பைப் பற்றி இவ்வளவு கதைகள் உலவுகின்றனவே, இப்படிப்பட்ட வேலை அந்தக் கண்டிப்பு இல்லாமல் நடக்காது என்று அன்றைக்குப் பலருக்கும் பட்டது.

‘மனோன்மணி’ (1942), போர்க்காலத்தில் எடுத்த ‘பர்மா ராணி’ (1945) இரண்டையும் ஒரே மாலையில் பேசி முடித்தோம். ‘பர்மா ராணி’யில் அவரே நடித்தும் இருக்கிறார் என்பது இளைய உறுப்பினர்களுக்குப் புதுச் செய்தி.

‘மந்திரி குமாரி’ (1950) திரையிட்டபோது அரங்கம் நிறைந்தது. ‘வாராய் நீ வாராய்’ பாட்டுக்குப் பின் வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்றே பார்த்தார்கள். அமெரிக்கரான எல்லிஸ் ஆர்.டங்கன் பெயரோடு சுந்தரத்தின் பெயரும் இயக்குநர் என்ற இடத்தில் இருக்கும் படம். கதை குண்டலகேசி, வசனம் கலைஞர் மு.கருணாநிதி, நாயகன் எம்.ஜி.ஆர்.

கடுமையான விவாதம் ‘திரும்பிப் பார்’ (1953) படத்துக்குத்தான். சிவாஜி கணேசன் ஏற்ற பரந்தாமன், பெண்களைக் கெடுப்பவன். நாயகனையே இப்படிக் கெட்டவனாகக் கடைசி வரை கொண்டுபோகிறார்கள். பண்டரிபாய் ஏற்ற அக்காள், தம்பியைத் திருத்த வேறு வழியில்லாமல் பேசும் அந்த இடத்தில் இன்றைக்கும் மூச்சு நிற்கிறது. புகழ் முழுவதும் கலைஞரின் வசனத்துக்கே என்று ஒரு சாரார் வாதிட்டார்கள். நான் அதை ஏற்கவில்லை. வசனத்தை நம்பி, முகங்களை நம்பி, கதையைச் சமாதானப்படுத்தாமல் விட்டவர் இயக்குநர். படம் விழுந்தால் நட்டமும் அவருடையதே. முதலாளியும் இயக்குநரும் ஒருவராக இருந்ததால்தான் இந்தத் துணிச்சலுக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) பற்றியும் இதையே சொல்வேன். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம், கேவா கலர் என்ற வண்ணச்சுருளில் எடுத்தது. அக்கால வண்ணச்சுருளுக்குக் கறுப்பு வெள்ளையைவிடப் பன்மடங்கு வெளிச்சம் வேண்டும். அந்த விளக்குச் சூட்டில் பட்டும் சரிகையும் அணிந்து எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்திருக்கிறார்கள். பிறகு மலையாளத்தின் முதல் வண்ணப்படமான ‘கண்டம் பெச்ச கோட்டு’ம் (1961) இவரே தயாரித்து இயக்கியது. ஒரு மொழியின் முதல் பேசும்படத்தையும் முதல் வண்ணப்படத்தையும் தந்த நிறுவனம், அந்த மொழி பேசாத ஊரில் இருந்திருக்கிறது. 1963 ஆகஸ்டில் அவர் மறைந்தார். அதன் பின் மகன் ராமசுந்தரம் நிறுவனத்தை நடத்தினார். அந்தப் படங்களை இந்த ஆண்டு நாம் தொடவில்லை.

ஸ்டூடியோவில் வேலை செய்தவர்களின் குடும்பங்கள் சில, பழைய பாட்டுப் புத்தகங்களையும் நோட்டீசுகளையும் நமக்குக் கொடுத்துள்ளன. தாள் தொட்டாலே உதிர்கிறது. நூலகப் பொறுப்பாளர் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்துவருகிறார். அவருக்கு ஒரு உதவியாளர் உடனே தேவை, முன்வருகிறவர்கள் இன்றே பெயர் கொடுங்கள். லைட்மேன்கள், செட் ஆசாரிகள், மேக்கப் உதவியாளர்கள் என்று அந்த வளாகத்தில் உழைத்தவர்களில் இன்று நம்மோடு இருப்போர் மிகச் சிலர். அவர்கள் பேச்சை ஒலிப்பதிவு செய்வதை வரும் ஆண்டின் முதல் வேலையாக வைக்க வேண்டும் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது.

அரங்கைக் கட்டணமின்றித் தந்தவர்களுக்கும், புரொஜெக்டரை இயக்கிய இளைஞர்களுக்கும், மாதந்தோறும் தேநீர் தந்த கடைக்காரருக்கும் சங்கத்தின் நன்றி. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் அவரைப் பார்க்கவும். ஒலிப்பதிவுக்கான தீர்மானத்தையும் இந்த அறிக்கையையும் ஏற்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்