முன்தோல் நீக்க ஸ்டேப்ளர் கருவி குறித்தும் தங்கள் உதவி மையம் குறித்தும் புகார்

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: உதிராத பின்கள், அறுவைக்குப் பின் தோலில் வரும் மாற்றங்களைச் சொல்லாத கையேடு, உதவி மைய ஊழியரின் நடத்தை – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். முன்தோல் இறுக்கத்தாலும் அடிக்கடி வந்த புண்ணாலும் அவதிப்பட்டு, மருத்துவர் அறிவுறுத்தியதன் பேரில், முன்தோலை வெட்டி, காயத்தைச் சிறு உலோகப் பின்களால் மூடும் தங்கள் ஸ்டேப்ளர் கருவியைக் கொண்டு முன்தோல் நீக்க அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். சிகிச்சை விரைவாக, அதிக இரத்தப்போக்கின்றி முடிந்தது. அதில் எனக்குக் குறையில்லை. அதற்குப் பிறகு தங்கள் நிறுவனம் என்னை அலைக்கழித்த விதத்தைப் பொறுத்துப் பொறுத்துச் சலித்துப்போன பின்னரே இதை எழுதுகிறேன்.

"ஒரே வாரத்தில் இயல்பு வாழ்க்கை", "பின்கள் தானாக உதிர்ந்துவிடும்" என்ற இரண்டு வாக்கியங்களையும் தங்கள் கையேட்டின் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு வாரம் முடிந்தபோது ஆணுறுப்பின் மொட்டுக்குக் கீழே, அடிப்புறத்தில், தோல் வளையம் போல வீங்கியிருந்தது. பின்கள் பதிந்த கோட்டை ஒட்டி மஞ்சள் நிறத்தில் மெல்லிய படலம் ஒன்று படிந்திருந்தது. அதைச் சீழ் என்று எண்ணி நான் உறக்கமின்றிக் கழித்த இரவுகளுக்கு யார் பொறுப்பு? அது ஆறும் புண்ணின் மேல் இயல்பாகப் படிவதே என்றும், துர்நாற்றம், காய்ச்சல், பரவும் சிவப்பு, அழுத்திப் பிடித்தும் நிற்காத இரத்தம், சிறுநீர் கழிக்க முடியாமை ஆகியவை இருந்தால்தான் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்றும், பின்னர் வேறொரு மருத்துவர் பொறுமையாக விளக்கினார். இந்தச் சில வரிகளைக் கையேட்டில் சேர்ப்பதற்குத் தங்களுக்கு என்ன தடை?

தங்கள் உதவி மையத்தை அழைத்தால் "அறுவை செய்த மருத்துவரைக் கேளுங்கள்" என்கிறார்கள். அந்த மருத்துவரோ "பின்கள் பற்றிக் கருவி நிறுவனத்தைக் கேளுங்கள்" என்கிறார். இந்த இரு வாசல்களுக்கும் இடையே வாரக்கணக்கில் நடந்தேன். பெரும்பாலான பின்கள் உதிர்ந்தபோதும் சில தோலுக்குள் புதைந்து, மேலே தோல் வளர்ந்து மூடத் தொடங்கியிருந்தது. உள்ளாடை உரசும் ஒவ்வொரு முறையும், உறக்கத்தில் விறைப்பு வரும் ஒவ்வொரு முறையும் அவை குத்தின. ஒரு மாதம் கடந்தும் உதிராத பின்களை மருத்துவர் அகற்றவேண்டியிருக்கும் என்பது கருவியைத் தயாரித்த தங்களுக்குத் தெரியாதா?

இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் தங்கள் ஊழியர் ஒருவர் சிரித்தார். பின்னால் இருந்த யாரிடமோ என் பிரச்சினையைச் சொல்லிச் சிரித்தது எனக்குத் தெளிவாகக் கேட்டது. பிறகு, "இதற்கெல்லாம் போன் செய்வீர்களா சார், ஆம்பளைதானே, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளக்கூடாதா?" என்றார். உடலின் மிக அந்தரங்கமான இடத்தில் காயத்தோடு, வெட்கத்தை விழுங்கிக்கொண்டு பேசும் ஒருவனிடம் சொல்லும் சொல்லா இது? அவர் பெயரைக் கேட்டதும் இணைப்பைத் துண்டித்துவிட்டார். தங்கள் அழைப்புகள் அனைத்தும் பதிவு செய்யப்படுவதாகத் தாங்களே அறிவிக்கிறீர்கள். அந்தப் பதிவைக் கேட்டுப் பார்க்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

தங்கள் அலுவலகத்துக்கு நேரில் வரச்சொன்னார்கள், வந்தேன். உட்காரவே வலித்த நாள்களில் நெடுந்தூரம் பயணம் செய்து வந்த என்னை, வரவேற்பறையில் எல்லோர் முன்னிலையிலும் "எந்த உறுப்பு?" என்று கேட்டுவிட்டு, தொழில்நுட்ப அலுவலர் விடுப்பில் இருப்பதாகச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். இந்த ஒரு பயணத்தில் நான் இழந்த மானத்தை எந்தத் தொகையாலும் ஈடுசெய்ய முடியாது. என் வேலை, குடும்ப நிம்மதி, மனைவியோடான உறவு என அனைத்தையும் தங்கள் கருவி குலைத்துப்போட்டது என்றே சொல்வேன்.

தோலைப் பற்றி இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அறுவைக்குப் பிறகு மொட்டு ஆடையில் பட்டாலே கூசும். அது சில வாரங்களில் படிப்படியாகத் தணியும். முன்தோலின் மூடலில் ஈரமாக இருந்த பரப்பு வறண்டு, பளபளப்புக் குறையும். தழும்புக் கோட்டுக்கு மேலும் கீழும் தோல் இரு நிறமாகத் தெரியும், ஏனெனில் ஒரு பக்கம் எஞ்சியிருப்பது முன்தோலின் உள்தோல். தழும்பு முதலில் தடித்துச் சிவந்திருந்து, மென்மையாகப் பல மாதங்கள் பிடிக்கும். உடலுறவுக்கு ஆறு வாரங்களாவது காத்திருக்க வேண்டும். இவற்றை அறிந்த ஒருவன் அஞ்சமாட்டான். அறியாத நான், அறுவை தவறிவிட்டதென்றே நம்பி, புதுமணத் தம்பதியருக்குரிய வயதிலேயே வாழ்வு முடிந்ததாக எண்ணினேன்.

ஆகவே தங்களைக் கேட்டுக்கொள்வது இதுதான். புதைந்த பின்களை அகற்ற எனக்கு ஆன முழுச் செலவையும் திருப்பித் தாருங்கள். அந்த ஊழியர் எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்கட்டும். ஆறும் காலத்தில் தோலில் வரும் மாற்றங்களையும் அபாய அறிகுறிகளையும், பின்கள் உதிராவிட்டால் யாரை அணுகுவது என்பதையும் கையேட்டில் சேருங்கள். "ஒரே வாரம்" என்ற வாக்கியத்தை நீக்குங்கள். தங்கள் நிறுவனத்தில் நல்லெண்ணம் கொண்டவர்கள் இருப்பார்கள் என்று இன்னமும் நம்புகிறேன். ஆனால் 15 நாள்களுக்குள் பதில் வராவிட்டால், அகற்றப்பட்ட பின்கள், மருத்துவரின் குறிப்பு, ஒளிப்படங்கள் ஆகியவற்றோடு நுகர்வோர் நீதிமன்றத்தையும் மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பையும் அணுகுவேன்.

பதிலை எழுத்து வடிவில் மட்டும் அனுப்புங்கள். தங்கள் உதவி மையத்திலிருந்து யாரும் என்னைத் தொலைபேசியில் அழைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் கருவியால் சிகிச்சை பெற்ற வாடிக்கையாளர்